போர் நடக்கும் ஊரில் அடுப்பும் பேச்சும்

கேள்வி இதுதான்: “போர் நடக்கிற நாட்டில் சாதாரண ஜனங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்? எந்நேரமும் குண்டு விழுந்துகொண்டே இருக்குமா? உக்ரைனில் வீட்டில் பேசும் மொழியையே மக்கள் மாற்றிக்கொண்டார்கள் என்று படித்தேன். அப்படி மாற முடியுமா? போர் முடிந்தால் பேச்சு பழையபடி ஆகிவிடுமா?”

கேட்டவர் கடலூரில் கல்லூரியில் படிக்கிறவர், ஒரு கட்டுரைக்காகக் கேட்கிறார். இதற்கு உக்ரைன் வரைக்கும் போக வேண்டியதில்லை. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற சாலையில் காலாப்பட்டைத் தாண்டினால் கீழ்புத்துப்பட்டு. அங்கே ஐயனார் கோயில் பேர்போனது. அதே ஊரில்தான் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே குறிஞ்சிப்பாடிப் பக்கம் முகாம் உண்டு. நான் காலாப்பட்டில் படித்த காலத்தில் வட்டார வழக்கு ஆய்வுக்காகக் கீழ்புத்துப்பட்டுக்குப் போய்வர ஆரம்பித்தேன். ஆய்வு முடிந்தும் போக்குவரத்து நிற்கவில்லை. உக்ரைன் பக்கம் எனக்குத் தெரிந்தது, படித்ததும், கார்கிவில் மருத்துவம் படித்துவிட்டு 2022-இல் திரும்பி வந்த நெல்லிக்குப்பத்துத் தம்பி ஒருவன் சொன்னதும். சித்தப்பா பிள்ளை. அதனால் பாதி ஈழம், பாதி உக்ரைன் என்றுதான் இந்தப் பதில் போகும்.

முதல் கேள்விக்கு நேர் பதில்: இல்லை, எந்நேரமும் குண்டு விழாது. போரின் பெரும்பகுதி வீட்டு வேலை. இல்லாத பொருளுக்கு மாற்று தேடுவதிலும், வரிசையில் நிற்பதிலும், சேதி கேட்பதிலும்தான் பகல் போகும். சண்டைக்காட்சிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும்.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்வோம். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. மின்சாரம் நின்றது, வருடக்கணக்கில் திரும்பி வரவில்லை. பெட்ரோல், பேட்டரி, சிமெண்ட், உரம் என்று பல பொருள்களுக்குக் கொழும்பு அரசு தடை போட்டது. மண்ணெண்ணெய் கள்ள விலைக்கு விற்றது. அப்போது வீட்டுக்கு வீடு வந்தது ஜாம் போத்தல் விளக்கு. கண்ணாடி ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், மெல்லிய திரி. பெரிய விளக்கு குடிக்கிற எண்ணெயில் சின்னப் பங்குதான் இது கேட்கும். வெளிச்சமும் அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் போனவர்கள் ஏராளம்.

ரேடியோவுக்கு பேட்டரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டார்கள். சுற்றுகிற பையன் களைத்தால் லண்டன் குரலும் இழுக்கும். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில சொட்டுப் பெட்ரோல், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள், புகையைக் கேட்க வேண்டாம். துணி துவைக்கச் சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழத்தைக் கரைத்துத் துவைத்தார்கள். அழுக்கு போகும், ஆனால் வாசம் தங்கிவிடும். “கொடியிலை காயப்போட்ட சட்டையை மாடு வந்து சப்பிப்போட்டுது” என்று முகாமில் ஒரு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்வதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதே அக்காவிடம் அதே மாலையில் வேறு ஒன்றைக் கேட்டிருந்தால் எழுந்து உள்ளே போயிருப்பார்.

பங்கரைப் பற்றிச் சொல்லாமல் ஈழத்து வீட்டைச் சொல்ல முடியாது. பத்திரிகை எழுதுவது பதுங்குகுழி, வாயில் வருவது பங்கர். முற்றத்திலோ கோடிப்புறத்திலோ குழி வெட்டி, மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதன்மேல் மண் மூட்டை. ஒரு அம்மம்மா எனக்கு அதன் வடிவத்தை ஈர்க்கால் தரையில் கீறிக் காட்டினார். கீறியது ‘ட’ என்ற எழுத்து. “வாசலுக்கு நேரை விழுந்தா, துண்டெல்லாம் நேரை போய் மண்ணிலை குத்தும் தம்பி. நாங்கள் வளைவுக்கை இருப்பம்” என்றார். பள்ளிக்கூடத்தில் ‘ட’ எழுதிப் பழகிய குழந்தை, அதே வடிவக் குழிக்குள் உட்கார்ந்து பாடம் படித்தது. மாரியில் அதற்குள் தண்ணீர் நிற்கும், பாம்பும் வரும். மேலே ஷெல், கீழே பாம்பு. எதற்குப் பயப்படுவது என்பது அந்தந்த நேரத்து முடிவு.

2009-இல் வன்னியின் கடைசிக் கட்டத்தில் பனங்குற்றியும் இல்லை, சாக்கும் இல்லை. பெண்கள் தங்கள் சேலைகளைத் தைத்து மண் மூட்டை ஆக்கினார்கள். கூறைப்பட்டும் அதில் போயிற்று.

இதிலிருந்து மொழிக்கு வருகிறேன். போர் மொழியில் முதலில் மாற்றுவது காதுக்குரிய சொற்களை. செல்லடி, பொம்மர் அடி, கிபிர் அடி என்று எல்லாவற்றுக்கும் ‘அடி’ ஒட்டிக்கொண்டது. சண்டைக்கு அடிபாடு. ஷெல் கிளம்பும் இடத்தில் கேட்கும் மெல்லிய ‘டும்’ என்ற ஓசைக்குக் ‘குத்துற சத்தம்’. அது கேட்டதும் எண்ணத் தொடங்கி எப்போது படுக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆளும் சரக்கும் ஏற்றும் விமானத்திலிருந்து குண்டை உருட்டிவிட்ட காலத்தில், இரைச்சலோடு மெதுவாக வரும் அந்த விமானத்துக்குச் சகடை என்று பெயர் வைத்தார்கள். சகடம் என்றால் வண்டிதானே. இஸ்ரேலிடமிருந்து 1996-இல் கிபிர் விமானங்கள் வந்த பிறகு செல்லப்பெயருக்கு நேரமில்லை. சத்தம் காதில் விழும்போது குண்டும் விழுந்திருக்கும் என்பார்கள்.

உக்ரைனிலும் இதேதான் நடந்தது, எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதுதான். குண்டு வந்து விழுவதை அங்கே ‘பிரிலீத்’ என்கிறார்கள். பறந்து வந்து சேர்வதைச் சொல்லும் சாதாரணச் சொல். பறவைக்கும் விமானத்துக்கும் சொன்னது, இப்போது ஏவுகணைக்கு. ரஷ்யா அனுப்பும் ஷாஹெத் என்ற தாக்குதல் ட்ரோன் எழுப்பும் ஓசைக்காக அதற்கு மொப்பெட் என்று பெயர். சைரனுக்குத் ‘திரிவோகா’, அது நின்றால் ‘வித்பீய்’. என் தம்பி உக்ரைனிய மொழி படிக்கவே இல்லை, ரஷ்யன்தான் கொஞ்சம் கற்றான். ஆனால் இந்த இரண்டு சொல்லும் இன்றைக்கும் அவன் வாயில் சுத்தமாக வரும்.

அங்கேயும் பங்கர் அறிவு உண்டு. நிலவறைக்குப் போக நேரமில்லை என்றால் ‘இரண்டு சுவர் விதி’. உங்களுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்க வேண்டும். முதல் சுவர் அடியை வாங்கும், இரண்டாவது சுவர் சிதறலைத் தடுக்கும். அதனால் அடுக்குமாடி வீடுகளில் நடைக்கூடமும் குளியலறையும்தான் படுக்கையறை. அம்மம்மா ஈர்க்கால் கீறிய ‘ட’வின் கணக்கேதான், சிமெண்டில் போட்டிருக்கிறார்கள்.

உக்ரைன் நாளைக் கொஞ்சம் சொல்கிறேன். 2022 அக்டோபர் 10-இலிருந்து ரஷ்யா மின் நிலையங்களைக் குறிவைத்து அடித்தது. இந்தத் தெருவுக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கரண்ட் என்ற அட்டவணை வந்தது. நம் ஊரில் 2012 வாக்கில் மின்வெட்டு நேரம் பார்த்து மாவரைத்தவர்களுக்கு அந்த வாழ்க்கையின் ஒரு ஓரம் புரியும், ஆனால் அங்கே வெளியே உறைபனி. கடைகளின் முன்னே நடைபாதையில் ஜெனரேட்டர் ஓடும், உள்ளே காபி விற்கும். கார்கிவில் 2023 செப்டம்பரில் மெட்ரோ நிலையங்களுக்குள் பள்ளிக்கூடம் திறந்தார்கள். தினமும் காலை 9 மணிக்கு ஒரு நிமிட மௌனம். இதற்கெல்லாம் நடுவில் கல்யாணம் நடக்கிறது, முடி வெட்டிக்கொள்கிறார்கள், கடன் கட்டுகிறார்கள்.

பேச்சில் வந்த இன்னொரு மாற்றம் குசலம். உக்ரைனில் ‘எப்படி இருக்கிறாய்’ என்ற இரண்டு சொல் குறுஞ்செய்திக்கு ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று பொருள் வந்துவிட்டது. பதிலுக்கு ஒரு கூட்டல் குறி போதும், இருக்கிறேன் என்று அர்த்தம். முகாமில் பெரியவர்களிடம் சுகமா என்று கேட்டால் “ஓம், இருக்கிறம்” என்பார்கள். நான் முதலில் அதைச் சலிப்பு என்று எடுத்துக்கொண்டேன். கேட்டுப் பழகினால் அது ஒரு முழு விடை.

காலத்தைச் சொல்லும் விதமும் மாறும். யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் ‘இடப்பெயர்வு’ என்றால் ஒன்றுதான் முதலில் நினைவுக்கு வரும், 1995 அக்டோபர் 30. யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமம் பகுதி முழுக்க ஒரே இரவில் மழையில் கிளம்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. லட்சக்கணக்கான ஜனம், ஒரே சாலை. ‘மூத்தவள் இடப்பெயர்வுக்கு முதல் பிறந்தவள்’ என்று சொன்னால் ஆண்டு கேட்க வேண்டியதில்லை. வன்னிக்காரர் ‘ஜெயசிக்குறு நேரம்’ என்பார். அது 1997-இல் ராணுவம் தொடங்கிய நடவடிக்கையின் பெயர், சிங்களத்தில் வெற்றி நிச்சயம் என்று பொருள். எதிரி தன் படையெடுப்புக்கு வைத்த பெயர் கடைசியில் ஒரு குழந்தையின் பிறந்தநாளைச் சொல்லப் பயன்பட்டது.

பெயர் சொல்லாமல் பேசுவது இன்னொரு கலை. புலிகளைப் பற்றிப் பேசும்போது ‘இயக்கம்’, ‘பெடியள்’, இன்னும் தாழ்ந்த குரலில் ‘அவையள்’. ராணுவம் ‘ஆமி’, அல்லது ‘அவங்கள்’. மரியாதைப் பன்மையா மரியாதையில்லாத பன்மையா என்பதிலேயே யாரைச் சொல்கிறார் என்று தெரிந்துவிடும். ராணுவச் சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களை வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவன் முன்னால் நடத்திப் போவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆள் போனான். அவனுக்குத் ‘தலையாட்டி’ என்று பெயர். நமக்குத் தலையாட்டி என்றால் தஞ்சாவூர்ப் பொம்மை. முகாமில் வளர்ந்த ஒரு பெண்ணுக்குப் பள்ளியில் அந்தப் பொம்மையைப் பற்றிப் பாடம் வந்தபோது, வீட்டில் அவள் அப்பா புத்தகத்தை மூடிவைத்துவிட்டாராம்.

அதிகாரம் செய்யும் சொல் வேறு, ஜனம் செய்யும் சொல் வேறு. புலிகள் ஆண்ட பகுதியில் தூய தமிழ்ச் சொற்கள் பலகைக்கு வந்தன. பேக்கரி வெதுப்பகம் ஆனது, ஐஸ்கிரீம் குளிர்களி ஆனது, மோட்டார் சைக்கிள் உந்துருளி. வங்கிக்கு வைப்பகம், 1994-இல் தமிழீழ வைப்பகம் என்றே தொடங்கினார்கள். ஷெல்லுக்கு எறிகணை. இவற்றில் சில நல்ல சொற்கள். வெதுப்பகம் எனக்குப் பிடித்த சொல், கடலூர் பேக்கரிக்காரர் யாராவது வைத்தால் நான் அங்கேதான் பன் வாங்குவேன். ஆனால் அந்த வெதுப்பகத்துக்குள் போன ஆள் கேட்டது ‘ஒரு ராத்தல் பாண்’. பாண் என்றால் ரொட்டி, போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். போர்த்துகீசியர் போய் முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அது வாயை விட்டுப் போகவில்லை.

சாவைப் பற்றிய சொற்களில் அதிகாரம் இன்னும் கண்டிப்பாக இருந்தது. இறந்த போராளி சாகவில்லை, ‘வீரச்சாவு’ அடைந்தார். பிணம் இல்லை, ‘வித்துடல்’. புதைக்கவில்லை, ‘விதைத்தார்கள்’. இடுகாடு இல்லை, ‘துயிலும் இல்லம்’. பொது இடத்தில் தாயும் அப்படித்தான் சொன்னாள். பின்னர் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லும்போது, “என்ரை பிள்ளை போட்டான்” என்றுதான் வந்தது. போய்விட்டான் என்பதன் யாழ்ப்பாண வடிவம் அது.

மறுபக்கம் மட்டும் சும்மா இருந்ததா? 2009 தாக்குதலைக் கொழும்பு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. ‘யுத்த சூனிய வலயம்’ என்று அறிவித்த இடத்துக்குள்ளேயே ஷெல் விழுந்தது, அதை ஐ.நா. நிபுணர் குழுவே பதிவு செய்திருக்கிறது. ரஷ்யாவில் இன்றும் அதிகாரப் பெயர் ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’. 2022 மார்ச்சில் போட்ட சட்டத்தின்படி ராணுவத்தைப் பற்றிப் ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை. போர் நடத்துகிற எந்த அரசும் அகராதியைத்தான் முதலில் கைப்பற்றுகிறது.

ஜனம் இதற்குத் திருப்பிக் கொடுக்கும் அடியையும் பார்க்க வேண்டும். ரஷ்யச் செய்திகளில் ‘வெடிப்பு’ என்று சொல்லாமல் ‘படார் சத்தம் கேட்டது’ என்கிற மாதிரி ‘ஹ்லபோக்’ என்ற மென்மையான சொல்லைப் போட்டார்கள். அதே எழுத்துகளை அழுத்தம் மாற்றிப் படித்தால் ரஷ்யனில் பருத்தி. உக்ரைன்காரர்கள் வேண்டுமென்றே பருத்தி என்று எடுத்துக்கொண்டு, தங்கள் மொழியில் பருத்திக்கு உள்ள ‘பவோவ்னா’வைப் பிடித்துக்கொண்டார்கள். ரஷ்யாவின் கிடங்கு எதுவும் எரிந்தால் அங்கே பருத்தி பூத்தது என்று கேலி. பிரெஞ்சு அதிபர் மக்ரோன் போர் தொடங்கிய காலத்தில் புதினுக்கு மணிக்கணக்காகப் போன் பேசியதை வைத்து ‘மக்ரோனித்தல்’ என்று ஒரு வினைச்சொல்லும் பிறந்தது. ரொம்பக் கவலைப்படுகிற மாதிரி காட்டிக்கொண்டு ஒன்றும் செய்யாமலிருப்பது என்று பொருள். நம் அலுவலகங்களுக்கும் பயன்படும்.

கேலி இல்லாத இடமும் உண்டு. சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானில் இருந்த காலத்தில் பிணப்பெட்டிக்கு ‘சரக்கு 200’ என்று குறியீடு. இன்றைக்கு இரண்டு பக்கமும் செத்தவர் ‘இருநூறு’, காயம்பட்டவர் ‘முந்நூறு’. எண்ணை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள்.

இவ்வளவு சொன்னேனே, எல்லாவற்றிலும் என்னை நிறுத்தி வைத்தது ஒரு இலக்கண மாற்றம். இலங்கையில் பிடித்துக்கொண்டு போய் வராதவர்களைக் ‘காணாமல் போனவர்’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். 2016-இல் இதற்கென்று அலுவலகம் அமைக்கச் சட்டம் வந்தபோதும் அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் ‘காணாமற்போன’ என்றே இருந்தது. உறவினர்கள், பெரும்பாலும் தாய்மார், இதை ஏற்கவில்லை. காணாமல் போவதற்கு அது என்ன சந்தையில் தொலைந்த பிள்ளையா? பலர் தங்கள் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள். அதனால் அவர்கள் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். 2017 பிப்ரவரி 20-இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் பதாகைகளில் வந்தது ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’. போனவர் என்றால் செய்தவர் அவரே. ஆக்கப்பட்டவர் என்றால் ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான், அவன் பெயரைச் சொல் என்று வாக்கியமே கேட்கிறது. செயப்பாட்டு வினையைப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கினோம். அதை வைத்துக் கொட்டகையில் உட்கார்ந்து அரசிடம் கணக்குக் கேட்டவர்கள் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத பெண்கள். இப்போது தமிழ்ப் பத்திரிகைகள் அநேகமாக இப்படித்தான் எழுதுகின்றன.

சரி, இரண்டாவது கேள்வி. வீட்டு மொழியையே மாற்ற முடியுமா?

முதலில் ஒரு தெளிவு. உக்ரைனில் ரஷ்யன் பேசியவர்கள் புதிதாக ஒரு மொழியைக் கற்று மாறவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே தெரியும். கிழக்கிலும் தெற்கிலும் நகரங்களில் வீட்டில் ரஷ்யன், பள்ளியில் உக்ரைனியன். இரண்டையும் கலந்து பேசுவதற்குச் ‘சுர்ஜிக்’ என்று பெயர், பல தானியம் கலந்த மாவுக்கு இருந்த சொல் அது. அதிபர் செலன்ஸ்கியே ரஷ்யன் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். ஆக, மாறியது எந்த மொழி தெரியும் என்பது இல்லை, எதை எடுப்பது என்பது. சட்டமும் தள்ளியது. 2019-இல் மொழிச் சட்டம் வந்தது, 2021 ஜனவரியிலிருந்து கடை, உணவகம் என எங்கேயும் வாடிக்கையாளரிடம் முதலில் உக்ரைனியனில்தான் பேச வேண்டும். ஆனால் அடுப்படிக்குள் சட்டம் வர முடியாது. அங்கே மாற்றியது ரஷ்யா படையெடுத்த நாள், 2022 பிப்ரவரி 24.

என் தம்பிக்குக் கார்கிவில் வீடு வாடகைக்குக் கொடுத்த அம்மா ஒருவர் இருந்தார். அவனுக்கு ரஷ்யன் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், காய்கறி பெயரிலிருந்து. மருத்துவமனையில் நோயாளியிடம் பேச அது இல்லாமல் முடியாது. மார்ச் தொடக்கத்தில் இந்திய மாணவர்கள் கார்கிவை விட்டுப் பிசோச்சின் பக்கம் நடந்து வெளியேறினார்கள், இவனும் அதில் ஒருவன். நெல்லிக்குப்பம் வந்து சேர்ந்த பிறகு அந்த அம்மா அனுப்பும் செய்திகள் ரஷ்யனில் வந்தன, சில மாதத்தில் இரண்டும் கலந்து, அப்புறம் முழுக்க உக்ரைனியனில். இவனுக்குப் படிக்கத் தெரியாது. போனில் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்கிறான். “அக்கா மாதிரி பேசினவங்க, இப்ப கவர்மென்ட் லெட்டர் மாதிரி இருக்குண்ணா” என்றான். அந்த அம்மாவுக்கும் தன் எழுத்து அப்படித்தான் தெரிந்திருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் கோபத்தையும் கொஞ்சலையும் இன்னொரு மொழிக்கு மாற்றுவது லேசில்லை.

இதை வாசிக்கும் தமிழர்களுக்கு உடனே 1965 ஞாபகம் வரும். அந்த ஒப்பீடு பாதிதான் பொருந்தும். இந்தி நம் வீட்டுக்குள் இல்லை, வாசலில் நிறுத்தினோம். அவர்களில் பலர் விட்டது தாயிடம் கேட்ட மொழியை. எல்லோரும் விடவும் இல்லை. ரஷ்யன் பேசிக்கொண்டே ரஷ்யாவை எதிர்த்து முன்னணியில் நிற்கும் வீரர்கள் நிறைய. அவர்களைப் பார்த்து மொழியை வைத்து விசுவாசம் அளப்பது அநியாயம் என்பது என் கருத்து. அங்கேயும் அந்தச் சண்டை ஓயவில்லை.

மொழியை வைத்து ஆளைப் பிரிப்பது எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். இலங்கை இனக் கலவரங்களில் வழிமறித்தவர்கள் வாளியைக் காட்டிச் சிங்களத்தில் அதன் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். ‘பால்திய’ என்ற அந்தச் சொல்லின் முதல் ஒலி, பம்பரம் என்பதில் நாம் சொல்லும் இரண்டாவது ‘ப’ போன்றது. தமிழில் சொல்லின் முதலில் அந்த ஒலி வராது, நாக்கு முதல் ‘ப’வையே போடும். அது போதும் அவர்களுக்கு. உக்ரைனில் 2022-இல் சோதனைச் சாவடியில் கேட்டது ஒரு ரொட்டியின் பெயர், ‘பல்யனித்ஸ்யா’. ரஷ்யர் வாயில் அது சரியாக வராது. அதே பெயரை 2024-இல் ஒரு ஏவுகணை ட்ரோனுக்கும் வைத்தார்கள்.

மூன்றாவது கேள்வி, பழையபடி ஆகுமா? பயத்தின் சொற்கள் ஆயுதத்தோடு போய்விடும், வரிசையின் சொற்களும் காகிதத்தின் சொற்களும் தங்கிவிடும் என்பதுதான் நான் பார்த்தது. சகடை என்றால் இன்று யாழ்ப்பாணத்துச் சின்னப் பிள்ளைக்குத் தெரியாது. வெதுப்பகம் கடைப் பலகையில் இருக்கிறது. நம்மிடமே பாருங்கள், ரேஷன் இரண்டாம் உலகப் போர் கொண்டுவந்த சொல். போர் முடிந்து எண்பது வருடமாகியும் கடையும் இருக்கிறது, சொல்லும் இருக்கிறது. அந்தப் போரின் விமானப் பெயர் ஒன்றாவது உங்கள் தாத்தாவுக்கு நினைவிருக்குமா? விதிவிலக்கு எம்டன். 1914 செப்டம்பர் 22-இல் சென்னையைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். கெட்டிக்கார, பொல்லாத ஆளை ‘அவன் எம்டன்’ என்று இன்னும் சொல்கிறோம். புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர் ‘சொல்தா’. இந்தோசீனப் போர் 1954-இல் முடிந்தது, சொல்தா வீடு என்று தெருவில் வழி சொல்வது இன்னும் நிற்கவில்லை. அதுவும் ஓய்வூதியம் என்ற காகிதம் இருப்பதால்தான்.

முகாமில் பிள்ளைகள் இரண்டு தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் நம் பேச்சு, கதவைத் தாண்டினால் ‘ஓம்’. மூன்றாவது தலைமுறைக்கு ‘ஓம்’ மட்டும்தான் மிச்சம், மற்றதெல்லாம் விழுப்புரம் மாவட்டத் தமிழ். ஆனால் ‘பதிவு’, ‘பணக்கொடை’, ‘செக்கிங்’ எல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாதாமாதம் வருகிறதே. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்ல காரியம். பலகை மாறியது, கோப்பு மாறியது. பஸ்ஸில் ஏறினால் ‘கேம்ப்’ என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள், முகாம்காரர்களும் சேர்த்து.

உங்கள் கட்டுரைக்காக ஒன்று. குறிஞ்சிப்பாடிப் பக்கம் போவதானால் உரிய அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள், தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். போரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தால் பத்திரிகையில் வந்ததையே திருப்பிச் சொல்வார்கள். விளக்குக்கு என்ன செய்தீர்கள், எதைப் போட்டுத் துவைத்தீர்கள், சேதி எப்படி வரும் என்று கேளுங்கள். தனிச் சொல்லைக் குறிக்காமல் வாக்கியம் முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள், யாருக்கு ‘அவையள்’, யாருக்கு ‘அவங்கள்’ என்பது அதில்தான் தெரியும். பெயர்களை மாற்றிவிடுங்கள், இலங்கையில் இன்னும் உறவுகள் இருக்கிறார்கள். ஒலிப்பதிவு வேண்டாம் என்று யாராவது சொன்னால் போனைப் பைக்குள் வைத்துவிட்டு அவர் கொடுக்கும் தேநீரைக் குடியுங்கள்.